பொதுவியலுக்குப் பெயர்ந்த துயரம்: புறத்திணைப் படைத்துறைச் சொற்களில் நேர்ந்த எல்லை மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

படைத்துறைக்கெனத் தனிச்சொற்கள் உருவாகும்போது அவை போரின் கொடுமையை மறைக்கின்றன என்பது இக்காலத் திறனாய்வில் பரவலாக நிலவும் கருத்து. தமிழில் போர்ச்செயல்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய மிகப் பழைய முயற்சியான புறத்திணை மரபை இக்கருத்தோடு பொருத்திப் பார்க்கும்போது வேறொரு நிலை புலப்படுகிறது. புறத்திணைத் துறைப்பெயர்கள் கொடுமையை மறைப்பதில்லை. ஆனால் தொல்காப்பியத்திலிருந்து புறப்பொருள் வெண்பாமாலைக்கு வரும்போது, போருக்குரியவை எவை, உரியவை அல்லாதவை எவை என்ற எல்லை மாறுகிறது. நடுகல்லும், இல்லத்தில் எஞ்சியோரின் துயரும் போர்த்திணைகளை விட்டுப் பொதுவியற் படலத்திற்குச் செல்கின்றன. காஞ்சித்திணையை மையமாகக் கொண்டு இம்மாற்றத்தையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: புறத்திணை, துறைப்பெயர், காஞ்சி, பொதுவியல், தொடாக்காஞ்சி, தாபதநிலை, புறப்பொருள் வெண்பாமாலை.

முன்னுரை

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய சொற்கள் உண்டு. உழவர்க்கும் மீனவர்க்கும் தச்சர்க்கும் உள்ளதுபோலப் படைக்கும் தனிச்சொற்கள் அமைகின்றன. ஆயினும் பிற தொழிற்சொற்கள்மீது எழாத ஓர் ஐயம் படைத்துறைச் சொற்கள்மீது எழுகிறது. உயிரைப் பறிக்கும் செயலுக்குப் பெயரிடும்போது அப்பெயர் செயலைக் காட்டுகிறதா, மூடுகிறதா என்பதே அந்த ஐயம். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ‘அரசியலும் ஆங்கில மொழியும்’ என்னும் கட்டுரை இதனை வெளிப்படையாக முன்வைத்தது. காவலற்ற சிற்றூர்கள்மீது குண்டு வீசி மக்களை விரட்டுவதற்கு ‘அமைதிப்படுத்தல்’ எனப் பெயர் சூட்டப்படுவதை அவர் சுட்டிக்காட்டினார். பொதுமக்களின் சாவைத் தாக்குதலின் உடன்விளைவான சேதமாகக் குறிக்கும் பிற்கால இராணுவ வழக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. இங்கெல்லாம் சொல் மென்மையாகிறது. செயலைச் செய்தவரும் செயலுக்கு ஆளானவரும் சொல்லிலிருந்து மறைந்துவிடுகின்றனர்.

இவ்வளவுகோலைத் தமிழ்ப் புறத்திணை மரபுக்கு அப்படியே பொருத்துவோரும் உளர். நிரை கவர்தலை வெட்சி என்றும், மண்ணாசையால் மேற்செல்லும் போரை வஞ்சி என்றும், நேர்நின்று பொருவதைத் தும்பை என்றும் பூவின் பெயரால் சுட்டுவது போரை அழகுபடுத்துவதாகும் என்பது அவர்கள் கருத்து. இது முதற்பார்வைக்கு ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆனால் திணைப்பெயரோடு நின்றுவிடாமல் அதன்கீழ் வரும் துறைப்பெயர்களையும், அத்துறைகள் நூலுக்கு நூல் இடம்பெயர்ந்த வரலாற்றையும் நோக்கினால் சிக்கல் வேறிடத்தில் இருப்பது தெரியவரும்.

திணைப்பெயரும் துறைப்பெயரும்

தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளை வகுக்கிறது. திணைப்பெயர் பூவைச் சார்ந்ததாயினும் துறைப்பெயர் செயலைச் சார்ந்தது. வெட்சிக்குரிய 14 துறைகள் ஒரு படைநடவடிக்கையின் படிநிலைகளாகவே அமைந்துள்ளன. படை புறப்படும் ஆரவாரம், நற்சொல் கேட்கும் விரிச்சி, பகைப்புலத்தை ஒற்றரால் அறியும் வேய், ஊரைச் சூழ்ந்து தங்கும் புறத்திறை, ஊர்கொலை, ஆகோள், மீட்க வருவோரைத் தடுக்கும் பூசல்மாற்று, கவர்ந்த நிரையை வருத்தாமல் ஓட்டிவருதல், பங்கிடும் பாதீடு, உண்டாட்டு, கொடை என்பன அவற்றுள் அடங்கும். இவற்றுள் ‘ஊர்கொலை’ என்னும் பெயர் தனித்து நோக்கத்தக்கது. சூழப்பட்ட ஊரிலுள்ளோர் கொல்லப்படுவதை இலக்கணம் ‘கொலை’ என்ற சொல்லாலேயே குறிக்கிறது. அதனை வெற்றியாகவோ தூய்மைப்படுத்தலாகவோ அது பெயர்மாற்றவில்லை.

இச்சொற்கள் இலக்கண நூலார் ஏட்டளவில் ஆக்கிக்கொண்டவை அல்ல என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த நடுகல்லொன்றில் ‘ஆகோள்’ என்ற சொல் இடம்பெற்றுள்ளது. நிரை கவர்தலில் இறந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. இலக்கணத்தில் துறைப்பெயராக நிற்கும் சொல்லே ஊரார் எடுத்த நினைவுக்கல்லிலும் நிற்பதால், அது போரிட்டோரும் அவரை இழந்தோரும் ஒருங்கே பயன்படுத்திய வழக்குச்சொல் எனக் கொள்ளலாம்.

வஞ்சித் துறைகள் 13லும் இதே வெளிப்படைத்தன்மை உண்டு. பகைநாட்டைத் தீயிடுவது ‘எரிபரந்தெடுத்தல்’ எனப்படுகிறது. வென்றோரின் விளக்கத்திற்கு ஒரு துறை அமைத்த இலக்கணம், தோற்றோரின் தேய்வுக்கும் ஒரு துறை அமைத்தது. தும்பையில், இருபெரு வேந்தரும் தம் படையோடு ஒருசேர மாய்வது ‘தொகைநிலை’ ஆகிறது. வென்றவரே இல்லாத போருக்கும் ஒரு பெயர் வேண்டும் என இலக்கணம் கருதியிருக்கிறது.

புறநானூற்றுப் பாடல்களில் இத்துறைகள் செயற்படும் விதமும் இதனை உறுதிப்படுத்துகிறது. இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியைப் பாண்டரங்கண்ணனார் பாடிய 16ஆம் பாடல் மழபுலவஞ்சித் துறையைச் சார்ந்தது. பகைவர் வீடுகளின் மரங்கள் விறகாவதும், காவலுடைய நீர்த்துறைகளில் யானைகள் இறக்கப்படுவதும், ஊர் எரியும் ஒளி செவ்வானம் போலத் தோன்றுவதும் அதில் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன. சோழன் உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடிய 4ஆம் பாடல் கொற்றவள்ளை என்னும் துறையைச் சார்ந்தது. வாளும் தேரும் களிறும் சிறப்பிக்கப்படும் அப்பாடல், மன்னனின் பகைவரது நாடு தாயற்ற பசிக்குழந்தைபோல ஓயாது அழுகிறது என முடிகிறது. வெற்றியைப் புகழ்வதும் அவ்வெற்றியால் அழிந்த நாட்டுக்கு இரங்குவதும் ஒரே துறைக்குள் அடங்கியிருப்பதே கொற்றவள்ளையின் இயல்பு. வள்ளை என்பது பெண்கள் உலக்கையால் குற்றும்போது பாடும் பாட்டு. வேந்தனின் கொற்றம் உரற்களத்துப் பெண்களின் பாட்டுவகையோடு இணைத்துப் பெயரிடப்பட்டுள்ளது.

ஆகவே, புறத்திணைப் பெயர்கள் போரை மூடிமறைக்கின்றன என்ற முடிவு துறைப்பெயர்களைக் கருதாத முடிவாகும். பூவின் பெயர் படையை அடையாளம் காட்டும் குறியாக நிற்க, துறையின் பெயர் நடந்ததைச் சொல்கிறது.

தொல்காப்பியக் காஞ்சியின் பரப்பு

துறைப்பெயர்கள் உண்மையைச் சொல்கின்றன என்றால், அவ்வுண்மையின் எல்லை எதுவரை என்ற வினா அடுத்து எழுகிறது. இதற்கு விடைகாணக் காஞ்சித்திணையே ஏற்ற இடம்.

தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக்கி, நிலையாத உலகத்தைப் பற்றிய நெறியாக அதனை விளக்குகிறார். அதன் துறைகள் இரு தொகுதிகளாக வருகின்றன. முதல் தொகுதியில் கூற்றின் வலிமையை உரைத்தல், மூத்தோர் இளையோர்க்கு அறிவுறுத்தல் ஆகியவற்றோடு, தன் புண்ணைத் தானே கிழித்து இறக்கும் மறவனும், சுற்றத்தார் இல்லாத புண்ணோனைக் காக்கும் பேயும், இறந்தவன் இத்தகையன் என இரங்கும் மன்னையும், வஞ்சினமும், புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காமல் விலக்கும் மனைவியின் தொடாக்காஞ்சியும், கணவனைக் கொன்ற வேலாலேயே உயிர்துறக்கும் மனைவியின் ஆஞ்சியும் அமைகின்றன. இரண்டாம் தொகுதியில் இறந்தவனைச் சுற்றி அழும் சுற்றத்தாரின் பூசல்மயக்கம், கணவனோடு முடியும் மூதானந்தம், சுரத்தில் கணவனை இழந்து தனித்துப் புலம்பும் முதுபாலை, கையறுநிலை, மனைவியை இழந்தவனின் தபுதாரநிலை, கணவனை இழந்தவளின் தாபதநிலை, மகனை இழந்த தாயின் தலைப்பெயல்நிலை, காடுவாழ்த்து முதலியன உள்ளன.

இப்பட்டியலின் சிறப்பு அதன் பிரிவின்மையில் உள்ளது. போர்க்களத்துப் புண்ணும் இல்லத்துக் கைம்மையும் சுடுகாடும் ஒரே திணைக்குள் அருகருகே நிற்கின்றன. ‘தாபதநிலைக்குரிய கணவன் போரில்தான் இறந்தான் என்று தொல்காப்பியர் கூறவில்லை; ஆகவே காஞ்சி போர்த்திணை அன்று’ என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தின் முற்பகுதி உண்மை. ஆனால் அதுவே தொல்காப்பியரின் அமைப்பை விளங்கவைக்கும் திறவுகோலும் ஆகிறது. புண்ணையும் பேயையும் வஞ்சினத்தையும் நிலையாமைத் திணைக்குள் வைத்ததன்மூலம், போர்ச்சாவைப் பிற சாவுகளிலிருந்து பிரித்து உயர்த்தாமல், சாவு என்னும் பொதுமைக்குள்ளேயே அவர் நிறுத்தினார். மறவனின் புண்ணைப் பாடும் புலவன் எடுத்துக்கொள்ளும் திணையும் கைம்பெண்ணின் உணவைப் பாடும் புலவன் எடுத்துக்கொள்ளும் திணையும் ஒன்றே.

நடுகல்லைப் பற்றிய தொல்காப்பிய அமைப்பும் இதனோடு ஒத்துச் செல்கிறது. கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் நிலைகள் வெட்சித்திணையின் பகுதியாகவே கூறப்பட்டுள்ளன. நிரை கவர்தலைத் தொடங்கிய திணை, அதில் இறந்தவனுக்குக் கல் நட்டு வாழ்த்துவதுவரை நீள்கிறது. போரின் சொற்றொகுதி படை புறப்படும் ஓசையில் தொடங்கிக் கல்லின்முன் நிற்பதில் முடிகிறது.

வெண்பாமாலையில் நேர்ந்த மாற்றம்

ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை பன்னிருபடலம் என்னும் முன்னூலின் வழிப்பட்டதாகக் கருதப்படுகிறது. அம்முன்னூல் கிடைக்காமையால், கீழே சுட்டப்படும் மாற்றங்கள் ஐயனாரிதனார் ஒருவரால் நேர்ந்தவை எனக் கூற இயலாது. ஒரு மரபின் மாற்றங்களாகவே அவற்றைக் கொள்ளவேண்டும்.

இம்மரபின் அடிப்படை சமச்சீர்மை. தாக்குவோர்க்கு ஒரு பூ, தடுப்போர்க்கு ஒரு பூ என்ற முறையில் திணைகள் இணைகளாகின்றன. வெட்சிக்கு எதிர் கரந்தை, உழிஞைக்கு எதிர் நொச்சி எனப் புதிய படலங்கள் அமைந்தபோது, வஞ்சிக்கு எதிராகக் காஞ்சி நிறுத்தப்பட்டது. மேற்செல்லும் வேந்தன் வஞ்சி சூட, தன் நாட்டைக் காக்க எதிரூன்றுபவன் காஞ்சி சூடுகிறான். படைத்துறை நோக்கில் இது தெளிவான, பயனுள்ள பகுப்பு. யார் எந்தப் பக்கம் என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது. ஆனால் நிலையாமையைக் குறித்த திணைப்பெயர் இப்போது ஒரு படையின் போர்நிலையைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

இதனால் இடமிழந்த துறைகள் பொதுவியற் படலத்தை அடைந்தன. முதுபாலை, தபுதாரநிலை, தாபதநிலை, தலைப்பெயல்நிலை, பூசல்மயக்கு, மூதானந்தம், கையறுநிலை, காடுவாழ்த்து என, தொல்காப்பியக் காஞ்சியின் இரண்டாம் தொகுதி ஏறத்தாழ முழுமையாக அங்கே காணப்படுகிறது. வெட்சியில் இருந்த நடுகல் நிலைகளும் கற்காண்டல், கற்கோள்நிலை, கல்நீர்ப்படுத்தல், கல்நடுதல் முதலிய பெயர்களோடு அங்கேயே வைக்கப்பட்டன. காஞ்சிப் படலத்திலோ வாள்செலவு, குடைசெலவு, வஞ்சினக்காஞ்சி, பூக்கோள்நிலை, தலைக்காஞ்சி, தலைமாராயம், மறக்காஞ்சி போன்ற களம்சார் துறைகள் நிறைந்தன.

ஒரே சொல் இரண்டாகப் பிளந்ததைப் ‘பெருங்காஞ்சி’ நன்கு காட்டுகிறது. வெண்பாமாலையின் காஞ்சிப் படலத்தில் பெருங்காஞ்சி என்பது மறவர் தத்தம் ஆற்றலைப் பெரும்படையிடையே வெளிப்படுத்துவதாகும். அதே நூலின் பொதுவியற் படலத்தில் பெருங்காஞ்சி என்பது உலகின் நிலையாமையை உரைப்பதாகும். பழைய பொருளைக் கைவிட மனமின்றியும், புதிய பொருளை ஒதுக்க இயலாமலும், மரபு இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்திருக்கிறது.

தொடாக்காஞ்சியும் தழிஞ்சியும்

படலம் மாறாமல் பொருள் மட்டும் மாறிய சொற்கள் இம்மாற்றத்தின் திசையை இன்னும் நுட்பமாகக் காட்டுகின்றன. தொல்காப்பியத்தில் தொடாக்காஞ்சியின் வினைமுதல் மனைவி. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காதபடி அவள் விலக்குகிறாள். பேய் தொடாமல் இருப்பதற்குக் காரணம் அவளுடைய காவல். வெண்பாமாலையிலும் தொடாக்காஞ்சி உண்டு. ஆனால் அங்கே போருக்கு அஞ்சாத மறவனின் புண்ணைத் தொடுவதற்குப் பேயே அஞ்சி நீங்குகிறது. இப்போது பேய் தொடாமைக்குக் காரணம் மறவனின் மறம். அதற்கு இணையாக அமைந்த தொட்டகாஞ்சியில், மனையில் புண்காக்கும் சூழல் இருந்தும் பேய் தொட்டுவிடுகிறது. காவல் தோற்கும் இடத்தில் மனை காட்டப்படுகிறது. காவல் வெல்லும் இடத்தில் மறவனின் பேராற்றல் காட்டப்படுகிறது. கலைச்சொல் ஓர் எழுத்தும் மாறாமல் நிற்க, அதன் உள்ளிருந்து புண்ணுக்கு மருந்திட்ட பெண் மட்டும் வெளியேறிவிட்டாள்.

தழிஞ்சி என்னும் சொல்லிலும் இத்தகைய நகர்வு உண்டு. தொல்காப்பிய வஞ்சித்துறையான இதன் பொருள்பற்றி உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நச்சினார்க்கினியர் இதனைத் தழுவுதல் என்னும் பொருளடியாகக் கொண்டு, புண்பட்ட வீரரை வேந்தன் சென்று கண்டு ஆதரித்தல் என விளக்குகிறார். நெடுநல்வாடையின் இறுதியில் பாண்டியன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்டோரைக் காணச் செல்லும் காட்சியை இப்பொருளோடு பொருத்திப் பார்க்கலாம். வெண்பாமாலையின் வஞ்சிப் படலத்தில் தழிஞ்சி என்பது புறமிட்டு ஓடுவோர்மீது படை ஓச்சாத பண்பைக் குறிக்கிறது. இரண்டும் அருள்சார்ந்த பொருள்களே. ஆயினும் முன்னது போருக்குப் பின் நிகழும் பேணல். பின்னது போரின்போது மறவன் காக்கும் ஒழுக்கநெறி. பேணுதலைக் குறிக்கத்தக்க சொல் படைஞனின் பெருமையைக் குறிக்கும் சொல்லாகியிருக்கிறது.

எஞ்சியவையும் விலகியவையும்

துயரம் முழுவதும் போர்ப்படலங்களிலிருந்து நீக்கப்பட்டது எனக் கூறுவது மிகையாகும். கரந்தைப் படலத்தில் கையறுநிலை உண்டு. காஞ்சிப் படலத்தில் மன்னைக்காஞ்சியும் ஆஞ்சிக்காஞ்சியும் தலையொடு முடிதலும் உள்ளன. புறநானூற்றின் திணைக்குறிப்புகளும் பன்னிரு படல முறையைத் தழுவியவையாயினும், நிரைமீட்டு இறந்தோரையும் அவர்தம் நடுகல்லையும் பற்றிய 260 முதல் 265 வரையிலான பாடல்களுட் பலவற்றைக் கரந்தைத்திணையின் கையறுநிலையாகவே குறிக்கின்றன.

இவற்றை ஒருங்கே நோக்கினால், நிலைத்தவற்றுக்கும் விலகியவற்றுக்கும் இடையே ஒரு வேறுபாடு தென்படுகிறது. கரந்தைக் கையறுநிலையும் மன்னைக்காஞ்சியும் வீழ்ந்த வீரனின் சிறப்பை முன்னிறுத்திப் பொதுக்குரலில் இரங்குபவை. ஆஞ்சிக்காஞ்சியிலும் தலையொடு முடிதலிலும் மனைவி வருகிறாள். ஆனால் அவளும் கணவனோடு மாய்ந்து, அவன் மறத்தை நிறைவுசெய்பவளாக வருகிறாள். தும்பைப் படலத்து உவகைக் கலுழ்ச்சியில் உறவுடையவள் விழுப்புண்பட்ட உடலைக் கண்டு மகிழ்ந்து அழுகிறாள். இறந்தவனின் பெருமையோடு இணையும் துயரம் போர்ப்படலத்துக்குள் நிற்கிறது. அப்பெருமையால் ஆறாமல், நாளை என்ன உண்பது, எங்கே உறங்குவது என்ற வினாவோடு எஞ்சியிருக்கும் துயரம் பொதுவியலுக்குச் சென்றுவிடுகிறது. மூதானந்தம் இவ்வேறுபாட்டுக்கு உட்படாத விலக்கு. கணவனோடு மாய்வதைப் பாடும் அத்துறையும் பொதுவியலில் உள்ளமையால், நூலார் ஒவ்வொரு துறையாகத் தேர்ந்து விலக்கினர் என்பதைவிட, தொல்காப்பியத்தின் இரண்டாம் தொகுதியை மொத்தமாக இடம்மாற்றினர் என்பதே பொருந்தும். நோக்கம் எதுவாயினும் விளைவு மேற்கூறியதே.

ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூற்று 248ஆம் பாடல் இவ்விளைவை விளக்கவல்லது. இளமையில் தழையாடையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவன் இறந்தபின் அவள் வேளை தவறி உண்ணும் புல்லரிசி உணவாகிறது என்பது அதன் கருத்து. வன்பரணரின் 255ஆம் பாடலில் சுரத்திடை வீழ்ந்து கிடக்கும் கணவனைத் தூக்கி எடுக்கவும் வலிமையற்று, வாய்விட்டு அழுதால் புலி வருமோ என அஞ்சும் ஒருத்தி பேசுகிறாள். முன்னது தாபதநிலை, பின்னது முதுபாலை. தொல்காப்பிய நெறிப்படி நோக்கினால் இரண்டும் மறவனின் புண்ணுக்கும் வஞ்சினத்துக்கும் அருகில் இருக்கவேண்டியவை. திணைக்குறிப்பிலோ இரண்டும் பொதுவியல்.

‘பொது’ என்னும் விளக்கமும் அதன் குறைபாடும்

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். பொதுவியல் என்பது விலக்கப்பட்டவற்றின் இடமன்று. எல்லாத் திணைக்கும் பொதுவானவற்றின் இடம். நிரை கவர்ந்தாலும் மண் கொண்டாலும் மதில் முற்றினாலும் கைம்மை ஒன்றே; ஆகவே அதனை ஒரு திணைக்குள் அடக்காமல் பொதுவாக வைத்தது அதன் பரப்பை விரித்ததே அன்றிச் சுருக்கியது ஆகாது என்பது அம்மறுப்பு.

இவ்விளக்கம் பொதுவியல் என்ற பெயருக்குப் பொருந்துகிறது. நூலின் நடைமுறைக்குப் பொருந்தவில்லை. குடையும் வாளும் எல்லாப் போருக்கும் பொதுவானவையே. அவை பொதுவியலுக்கு அனுப்பப்படவில்லை. வஞ்சிப் படலத்தில் குடைநிலை, வாள்நிலை என்றும், காஞ்சிப் படலத்தில் குடைசெலவு, வாள்செலவு என்றும், உழிஞைப் படலத்தில் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்றும் படலந்தோறும் அவை மீண்டும் மீண்டும் பெயரிடப்பட்டுள்ளன. பொதுமை காரணமாக இடம்மாறவேண்டும் என்றால் குடையும் வாளும் முதலில் மாறியிருக்கவேண்டும். வேந்தனின் குடை ஒவ்வொரு போரிலும் புதிதாகப் பெயர்பெறும் தகுதியுடையதாகவும், கைம்பெண்ணின் உணவு ஒருமுறை பொதுவாகச் சொன்னால் போதுமானதாகவும் கருதப்பட்டிருக்கிறது. எது திரும்பத் திரும்பச் சொல்லத்தக்கது என்ற இத்தேர்விலேயே ஒரு துறைமொழியின் சார்பு வெளிப்படுகிறது.

இதனை வேந்தர் அவைகளின் தேவையோடு தொடர்புபடுத்திப் பார்க்க இடமுண்டு. படையெடுப்பும் எதிர்ப்பும் முற்றுகையும் விரிவாக வகுக்கப்பட்ட நூல், மெய்க்கீர்த்தியும் பரணியும் எழும் சூழலுக்கு ஏற்ற கருவி. ஆனால் இத்தொடர்பைக் காரணமாகவே நிறுவ நூலுக்கு வெளியேயான சான்றுகள் தேவை. நூலுக்குள் கிடைக்கும் சான்று ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: சொற்றொகுதி படைக்கு உரியதாகக் கூர்மையடைய, அதில் படையல்லாதோரின் இடம் சுருங்கியது.

பாடத்திட்டத்தில் இதன் விளைவு

இது பழைய இலக்கணச் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் புறத்திணை பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே கற்பிக்கப்படுகிறது. ஒரு பக்கம் பூ, மறுபக்கம் செயல்; காஞ்சி என்றால் எதிரூன்றல். பொதுவியலுக்கு நேரே, முன்னைய திணைகளுக்குப் பொதுவானவையும் அவற்றுள் கூறப்படாதவையும் என்ற விளக்கம் தரப்படுகிறது. ‘கூறப்படாதவை’ என்ற சொல்லே நடந்ததைக் காட்டிவிடுகிறது. தொல்காப்பியத்தில் அவை கூறப்பட்டிருந்தன. அட்டவணையை மனப்பாடம் செய்யும் மாணவர் 248ஆம் பாடலைப் படிக்கும்போது, அது போர்இலக்கியத்தின் மையத்திலிருந்து விலகிய தனிப்பாடல் என்றே எண்ண நேர்கிறது. வகைப்பாடு வாசிப்பை முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு, திணை துறைக் குறிப்புகளோடு வெளிவந்தது. அக்குறிப்புகள் பாடலுக்குப் பிற்பட்டவை என்பதும், அவை தழுவும் முறை தொல்காப்பிய முறை அன்று என்பதும் ஆய்வாளர் நன்கறிந்ததே. வகுப்பறையில் இவ்வேறுபாடு விளக்கப்படுமாயின், ஒரே பாடலை இரு முறைகளின்படியும் பொருத்திப் படிக்கும் பயிற்சி மாணவர்க்குக் கிடைக்கும். தாபதநிலைப் பாடலைக் காஞ்சியில் வைத்துப் படிப்பதும் பொதுவியலில் வைத்துப் படிப்பதும் இருவேறு அனுபவங்கள் என்பதை அப்பயிற்சி உணர்த்தும்.

முடிவுரை

படைத்துறை மொழியைத் திறனாய்வோர் பெரிதும் சொல்லின் மென்மையையே தேடுகின்றனர். கொலைக்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருக்கிறதா என்பதே அவர்தம் முதல் வினா. புறத்திணை மரபு அத்தேடலுக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஊர்கொலையை அது ஊர்கொலை என்றே சொல்கிறது. எனினும் ஒரு சொற்றொகுதி தன் சொற்களில் பொய் கலவாமலே தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ள இயலும் என்பதை இம்மரபின் வரலாறு காட்டுகிறது. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும், சிலரைப் பற்றிய சொற்கள் வேறு படலத்தில் வைக்கப்படுவதாலேயே போரின் சித்திரம் மாறிவிடுகிறது. ஆகவே ஒரு படைத்துறைச் சொல் எதனை மறைக்கிறது என்பதோடு, அச்சொற்றொகுதி யாரோடு முடிகிறது என்பதையும் வினவவேண்டியுள்ளது.

அரிசில் கிழாரின் புறநானூற்று 281ஆம் பாடலில், புண்பட்டவன் கிடக்கும் மனையில் வேம்பும் இரவமும் செருகி, யாழும் பல்லியமும் ஒலிக்க, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பி, அவனைக் காப்போம் வா எனத் தோழியை ஒருத்தி அழைக்கிறாள். அச்சடங்குகளுள் ஒன்று காஞ்சி பாடுதல். எதிரூன்றும் படையின் பெயராக ஆவதற்கு முன்பே, காஞ்சி புண்பட்டவனின் அருகிலிருந்து பெண்கள் பாடிய பாட்டின் பெயராக இருந்திருக்கிறது. தொல்காப்பியக் காஞ்சி அந்த மனையின் ஒலியைத் தன்னுள் வைத்திருந்தது. பன்னிரு படல முறையின் தெளிவை ஏற்கும் ஆய்வாளரும், அத்தெளிவுக்காக இழந்ததைக் கணக்கில் கொள்ளும்போதே புறத்திணையை முழுமையாகப் படித்தவராவர்.